வேதாளத்துக்கு முன்கதை தேவையா?

அடையாறில் ஒரு கல்லூரி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் அங்கே ஐந்தாறு பேர் மரத்தடியில் உட்கார்ந்து, ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் வாங்கிப் படித்துக் கிழிப்பது வழக்கம். (கிழிப்பது என்றால் விமர்சனம். ஒரே ஒரு தடவை நிஜமாகவே பேப்பரைக் கிழித்திருக்கிறார்கள், அது வேறு கதை.)

அந்த வாரம் மாட்டியது மூன்றாம் வருட மாணவி ஒருத்தி. மயிலாப்பூர்க்காரி. அவள் எழுதிய கதை இவ்வளவுதான்: சித்திரைக்குளத்துப் பக்கம் ஒரு சந்தில், ஒரு பூதம் காபிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறது. அது யாரையும் விழுங்காது, யாரையும் பயமுறுத்தாது. சிக்கரி போடணுமா, எவ்வளவு என்று கேட்கும். அரைக்கும். சூடு ஆறுவதற்குள் பொட்டலம் கட்டிக் கொடுக்கும். ஒரு நாள் அரவை மெஷின் நின்றுவிடுகிறது. மறுநாள் விடிகாலை ஒரு கல்யாண வீட்டுக்குப் பத்து கிலோ தூள் போயாக வேண்டும். பூதம் என்ன செய்யும்?

மொத்தக் கதையிலும் ஆபத்து என்று இருப்பது அது ஒன்றுதான். உலகம் அழியப்போவதில்லை, ராஜ்யம் பறிபோகப்போவதில்லை. காபி லேட்டாகும், அவ்வளவுதான். (மயிலாப்பூர்க் கல்யாணத்தில் அது சின்ன ஆபத்தா என்பது தனியாக விவாதிக்க வேண்டிய விஷயம். :-))

எல்லாருக்கும் கதை பிடித்திருந்தது. ஆனால் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"சரிப்பா, இந்த பூதம் யாரு? எங்கேர்ந்து வந்துச்சு? அதுக்கு ஏன் காபிக்கடை? முன்கதையே இல்லையே!"

இந்த மாதிரிக் கதைகளுக்கு இப்போது கோஸி ஃபேன்டஸி என்று பெயர் வைத்துவிட்டார்கள். மந்திரம், பூதம், சூனியக்காரி எல்லாம் உண்டு. ஆனால் போர் கிடையாது. இந்தப் பெயரைப் பிரபலமாக்கியதில் பெரிய பங்கு டிராவிஸ் பால்ட்ரீ எழுதிய 'லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்' நாவலுக்கு உண்டு. 2022ல் வந்தது. விவ் என்று ஒரு ஓர்க், அதாவது மேற்கத்திய மாயக்கதைகளில் வருகிற முரட்டு ராட்சச இனம். வருஷக்கணக்காகக் கூலிக்கு வாள் சுற்றி அலுத்துப்போனவள், வாளைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிட்டு, காபி என்றால் என்னவென்றே தெரியாத ஒரு ஊரில் காபிக்கடை திறக்கிறாள். கடையைக் கட்டித் தருகிற தச்சன் ஒருத்தன், வேலைக்குச் சேர்கிற பெண் ஒருத்தி, ரொட்டி சுடுகிற ஒரு எலி மனிதன். பெரிய மாயக்கதை, சின்ன ஆபத்து என்கிற அர்த்தத்தில் புத்தகத்தின் துணைத்தலைப்பே இருக்கிறது.

அந்த மரத்தடிக் கூட்டத்தில் பாதிப் பேர் அதைப் படித்தவர்கள். அதன் மேலும் அவர்களுக்கு இதே குறை உண்டு. விவ் யார் என்று ஓரளவுக்குத் தெரிகிறது, சரி. அந்தத் தச்சன் யார்? அந்தப் பெண் இதற்கு முன் என்ன பட்டாள்? அங்கொரு சொல் இங்கொரு சொல் என்று விட்டுவிட்டுக் கதை காபி போடப் போய்விடுகிறது. பழசு தெரியாதவர்கள் மேல் எப்படிப் பாசம் வரும் என்பது அவர்கள் கட்சி. நியாயமான கேள்விதான். சண்டை, சாவு, துரோகம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் கதையில் மிச்சம் இருப்பது ஆட்கள் மட்டும்தானே? அவர்களையாவது முழுசாகக் கொடுக்க வேண்டாமா?

மாணவி ரோஷக்காரி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து பூதத்துக்குப் பன்னிரண்டு பக்கம் முன்கதை எழுதினாள். சோழர் காலத்தில் ஒரு படைத்தளபதி, ஒரு துரோகம், ஒரு முனிவர், ஒரு சாபம், எரிந்துபோன ஒரு வீடு, இறந்துபோன ஒரு குழந்தை. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால், பூதம் காபி அரைக்க வரவேயில்லை. பன்னிரண்டு பக்கமும் அழுதுகொண்டிருந்தது. அழுது முடித்துக் கடைக்கு வந்தால் மெஷின் ரிப்பேர் என்பது அசிங்கமான ஜோக் மாதிரி ஆகிவிட்டது. குழந்தையைப் பறிகொடுத்த பூதத்துக்குப் பத்து கிலோ காபித்தூள் ஒரு கவலையா?

இங்கேதான் சிக்கல். முன்கதை சும்மா வந்து உட்காராது. அதற்கென்று ஒரு எடை உண்டு. முன்கதையில் பெரிய ஆபத்தைப் போட்டால், நடப்புக் கதையின் சின்ன ஆபத்து செத்துப்போகும்.

சரி, அவள் வீட்டுக்குப் போவோம்.

மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் பழைய வீடு. தாத்தா, அப்பா, அம்மா, அவள். வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப்போகிறார்கள், மாசக் கடைசிக்குள் காலி பண்ணியாக வேண்டும். எதை எடுத்துப்போவது, எதைப் பேப்பர்க்காரருக்குப் போடுவது என்று தினம் ஒரு பஞ்சாயத்து. அந்தப் பஞ்சாயத்தில் மிச்சமிருந்த பெரிய வழக்கு, பரணில் கிடந்த அம்புலிமாமா பைண்டு வால்யூம்கள். கனமான அட்டை, சிவப்புக் காலிக்கோ முதுகு. மொத்தம் பதினெட்டு.

அம்புலிமாமா தெரியாதவர்களுக்கு: 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் ஆரம்பித்த மாதப் பத்திரிகை. தெலுங்கில் சந்தமாமா, தமிழில் அம்புலிமாமா, அப்புறம் இன்னும் பல மொழிகளில். தி.நகரைத் தாண்டி, கோடம்பாக்கத்தையும் தாண்டினால் வரும் வடபழனியிலிருந்துதான் அத்தனையும் வந்தது. 1998ல் நின்று, அடுத்த வருஷம் மறுபடி தொடங்கி, 2007ல் கைமாறி, 2013 வாக்கில் ஒரேயடியாக நின்றுபோனது.

அதில் மாதம் தவறாமல் வந்தது விக்கிரமாதித்தன் வேதாளம் கதை. ஓவியர் சங்கர் போட்ட படம் பலருக்கும் மனப்பாடம். இருட்டு, மயானம், ஒரு கையில் உருவிய வாள், தோளில் பிணம், ராஜா நடந்து போய்க்கொண்டிருப்பார். (சங்கர் என்கிற கே.சி.சிவசங்கரன் 2020 செப்டம்பரில் காலமானார். 2021ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அவர் இருக்கும்போதே கொடுத்திருக்கலாம்.)

யோசித்துப் பார்த்தால் நம்மூரின் கோஸி ஃபேன்டஸி இதுதான்! மயானம், பிணம், பேய் எல்லாம் உண்டு. ஆனால் படிக்கிற பையனுக்கோ பொண்ணுக்கோ ஒரு துளி பயம் கிடையாது. வேதாளம் கதை சொல்லும், கேள்வி கேட்கும், பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும் என்று மிரட்டும். ராஜா சரியான பதில் சொல்வார். மௌனம் கலைந்ததால் வேதாளம் பிணத்தோடு திரும்ப மரம் ஏறிவிடும். அடுத்த மாதம் மறுபடி முதலிலிருந்து. எத்தனை வருஷமானாலும் யார் தலையும் வெடிக்காது.

மரம் விஷயத்திலும் தமிழ் ஒரு வேலை பண்ணியிருக்கிறது. வடமொழி மூலத்தில் அது சிம்சபா மரம். நம்மூரில் முருங்கை மரம் ஆகிவிட்டது. பட்டென்று முறிகிற கிளை, கம்பளிப்பூச்சி, சாம்பாருக்குக் காய், அடைக்குக் கீரை. மயிலாப்பூரில் கொல்லைப்புறம் இருந்த காலத்தில் பல வீட்டில் நின்ற மரம். பேயைக் கொண்டுவந்து சமையற்கட்டுக்குப் பின்னால் குடிவைத்தவர் யாரென்று தெரியவில்லை, ஆனால் கோஸி என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பரணிலிருந்து வால்யூம்களை இறக்கியபோது மாணவி ஒன்றைத் திறந்தாள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தினது. லை, னை எல்லாம் துதிக்கையோடு இருந்தன. சின்ன வயசில் அந்த லையை அவள் யானை லை என்றுதான் சொல்வாள். வேதாளம் கதையைப் புரட்டினாள். இன்னொரு மாதம். இன்னொரு மாதம். எல்லாவற்றிலும் முதல் பத்தி அச்சு அசல் ஒன்று. மரத்தண்டை போனார், பிணத்தை இறக்கினார், தோளில் போட்டுக்கொண்டு மயானத்தை நோக்கி நடந்தார், அப்போது அதிலிருந்த வேதாளம் பேச ஆரம்பித்தது. அவ்வளவே.

"தாத்தா, இந்த ராஜா ஏன் பொணத்தைத் தூக்கறாருன்னே இதுல இல்லையே?"

தாத்தா ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். ராயப்பேட்டையில் ஒரு ஜாப் பிரஸ்ஸில் கம்பாசிட்டராக இருந்தவர். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் நோட்டீஸ். ஈய எழுத்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஸ்டிக்கில் அடுக்கிய விரல்கள் இன்னமும் சும்மா இருக்காது, நாற்காலிக் கையில் எதையாவது கோர்த்துக்கொண்டே இருக்கும்.

"எல்லாருக்கும் தெரியுமே கண்ணு, அதை எதுக்கு மாசாமாசம் போடணும்?"

"எனக்குத் தெரியாதே."

"அப்படியா?" என்று தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். கம்பாசிட்டர் நிமிர்ந்தால் ஒரு மணி நேரம் போச்சு.

விக்கிரமாதித்தனுக்கு முன்கதை இல்லாமலா? பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை என்று குண்டுப் புத்தகமே உண்டு. அதில் பட்டி என்று ஒரு மந்திரி. ராஜாவுக்கு ஆயிரம் வருஷம் ஆட்சி என்று வரம் கிடைக்கிறது. ஆயிரம் போதாது என்று பட்டி ஒரு கணக்குப் போடுகிறான். ஆறு மாசம் சிம்மாசனத்தில் உட்காரு, ஆறு மாசம் காட்டில் இரு. காட்டிலிருக்கிற மாசம் ஆட்சிக் கணக்கில் சேராது. ஆயிரம் இரண்டாயிரமாகிவிடும். காடாறு மாதம் நாடாறு மாதம் என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அது இந்த மந்திரியின் புத்தி. ஒரு ராஜாவுக்கு ராத்திரியில் மயானத்தில் அலைய எப்படி நேரம் கிடைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டுமா?

வேதாளத்துக்கும் முன்கதை உண்டு. 11ம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் அது விவரமாக இருக்கிறது. அங்கே ராஜாவின் பெயர் திரிவிக்கிரமசேனன். தினம் ஒரு சந்நியாசி வந்து ஒரு பழம் கொடுத்துவிட்டுப் போவான். ராஜா அதைப் பொக்கிஷக்காரரிடம் தள்ளிவிடுவார். ஒரு நாள் ஒரு குரங்கு கையில் பழம் அகப்பட்டு உடைய, உள்ளே ரத்தினம்! இத்தனை நாள் வந்த பழத்திலெல்லாம் ரத்தினம். இவ்வளவு கொடுத்தவன் பதிலுக்கு ஒன்று கேட்டால் மறுக்க முடியுமா? அவன் கேட்டது, மரத்தில் தொங்குகிற பிணத்தை ராத்திரியில் பேசாமல் கொண்டுவர வேண்டும் என்பது. ராஜா பிணத்தைத் தூக்குவது இந்தக் கடனுக்காக.

"பேசக்கூடாதுங்கறது அதான்," என்றார் தாத்தா. "கடைசிக் கதைக்கு ராஜாவுக்குப் பதில் தெரியல. வாயை மூடிக்கிறாரு. அப்ப வேதாளம் என்ன சொல்லுது தெரியுமா? 'நீ யாருக்காக என்னைத் தூக்கிட்டுப் போறியோ, அவன் உன்னையே பலி குடுக்கப்போறான். தரையில விழுந்து கும்புடுன்னு சொல்லுவான். எப்படின்னு காட்டுன்னு கேளு'ன்னு சொல்லுது. ராஜா அப்படியே கேட்டாரு. அவன் விழுந்து காட்டினான். தலை போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கதை முடிஞ்சுது. இருபத்தஞ்சு கதைதான் மொத்தமே."

அம்புலிமாமா அந்த இருபத்தைந்தோடு நிற்கவில்லை. மூலக் கதைகள் தீர்ந்த பிறகும் புதிதாக எழுதி எழுதி நூற்றுக்கணக்கில் போட்டார்கள். சந்நியாசியைக் கொன்றால் தொடர் முடிந்துவிடுமே! ஆகவே ராஜா வருஷக்கணக்கில் நடந்துகொண்டேயிருந்தார். அவர் முன்கதை முழுக்க வேறெங்கோ பத்திரமாக இருந்தது, குண்டுப் புத்தகத்தில், தாத்தாக்களின் வாயில். பத்திரிகையில் இருந்தது அந்த ஒரு பத்திதான். அது போதுமானதாக இருந்தது.

"எங்க பிரஸ்ஸா இருந்தா அந்தப் பத்தியைப் பிரிச்சே போட மாட்டோம்," என்றார் தாத்தா. அச்சடித்து முடித்ததும் கோர்த்த எழுத்துகளைப் பிரித்து அதனதன் அறையில் திரும்பப் போடவேண்டும், அது கம்பாசிட்டர் வேலையில் பாதி. ஆனால் திரும்பத் திரும்ப வருகிற விஷயம் என்றால் நூல் சுற்றிக் கட்டி, அப்படியே ஓரமாக வைத்துவிடுவார்கள். கல்யாணப் பத்திரிகையில் பேரும் தேதியும் மாறும், 'நிகழும் மங்களகரமான' மாறாது. "அவங்க எப்படிப் பண்ணாங்களோ தெரியாது. நான் படிக்கிறப்பல்லாம் நினைச்சுப்பேன், இது கட்டி வச்ச மேட்டர்னு."

வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளுக்கு மேலே முன்கதைச் சுருக்கம் என்று ஒரு பெட்டி போடுவார்களே, அது இந்த ஜாதிதான். போன வாரம் தவறவிட்டவருக்காகப் போட்டது. இந்த வாரம் கதை புரிய எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் அதில் இருக்கும், கதாநாயகியின் பாட்டி பெயர் இருக்காது.

கொலுவை எடுத்துக்கொள்ளுங்கள். நவராத்திரி வந்தால் மயிலாப்பூர் மாட வீதியில் பொம்மைக்கடை போட்டுவிடுவார்கள். மேல்படியில் தசாவதாரம். ஒவ்வொரு அவதாரத்துக்கும் மூட்டை மூட்டையாக முன்கதை, சாபம், வரம், முந்தின ஜென்மம். கீழ்ப்படிக்கு வந்தால் செட்டியாரும் செட்டியாரம்மாவும். தொப்பை, சிரிப்பு, முன்னால் கிண்ணம் கிண்ணமாக அரிசி, பருப்பு, மஞ்சள். அவர்கள் எந்த ஊர், கடை எப்போது திறந்தார்கள், பிள்ளைகுட்டி உண்டா? யாரும் கேட்டதில்லை. வீட்டுக் குழந்தை போய் உட்காருவது அவர்கள் முன்னால்தான், வாமனர் முன்னால் இல்லை. அவதாரத்தை நிமிர்ந்து பார்த்துக் கும்பிடலாம். செட்டியாரிடம் போய் "கால் கிலோ பருப்பு குடுங்க" என்று கேட்கலாம். வியாபாரம் நடக்கிற பொம்மைக்கு வரலாறு தேவைப்படவில்லை.

ஆனால் இதை வைத்து, கோஸி கதைக்கு முன்கதையே வேண்டாம் என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. பொம்மையை ஒன்பது நாள் பார்க்கலாம். முந்நூறு பக்கம் பார்க்க முடியுமா? மரத்தடிக் கூட்டம் அதைத்தான் கேட்டது. விக்கிரமாதித்தனுக்கு வெளியே ஒரு பெரிய எழுத்துப் புத்தகம் இருந்தது, கேட்டால் சொல்ல ஒரு தாத்தா இருந்தார். விவ்வுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? பால்ட்ரீயும் 2023ல் 'புக்‌ஷாப்ஸ் அண்ட் போன்டஸ்ட்' என்று விவ்வின் இளவயசுக் கதையைத் தனி நாவலாகவே எழுதினார். அதிலும் பாருங்கள், காயம்பட்டுப் படுத்திருக்கிற விவ் ஒரு கடலோர ஊரில் ஓடாத புத்தகக்கடை ஒன்றைத் தூக்கி நிறுத்த உதவுகிறாள். கேட்டது முன்கதை, கிடைத்தது இன்னொரு கடை. புத்திசாலி மனுஷன். எய்கோ கடோனோவின் கிகி (1985, ஜப்பான்) இன்னும் எளிமை. பதிமூன்று வயசானால் சூனியக்காரி வீட்டைவிட்டு வேறு ஊர் போய்ப் பிழைக்க வேண்டும் என்று வழக்கம், கிளம்பிவிட்டாள். முன்கதை முடிந்தது.

மாணவிக்கு இதெல்லாம் புரிந்தும் பூதத்தின் கதை நகரவில்லை. பன்னிரண்டு பக்கத்தைத் தூக்கிப் போட்டாள். ஒரு பத்தி எழுதினாள். சப்பென்று இருந்தது. எதை வைப்பது, எதை விடுவது என்று பிடிபடவில்லை.

இதற்கு நடுவில் பேப்பர்க்காரர் வந்தார்.

அம்மா முன்னாலேயே சொல்லிவைத்திருந்தாள். புது வாடகை வீடு இரண்டே ரூம், பதினெட்டு வால்யூம் எங்கே வைப்பது? அப்பா தாத்தாவைப் பார்த்தார். தாத்தா, "போட்டுடுங்க, படிச்சாச்சு எல்லாம்," என்றார். அதோடு விடாமல் வாசலுக்கே வந்து, "அட்டை கனமா இருக்கு, அட்டையை எடை கழிச்சுடுவியா?" என்று பேப்பர்க்காரரிடம் பேரம் பேச ஆரம்பித்தார். மாணவிக்கு வருத்தம்தான். ஆனால் அவரே சொல்லும்போது யார் என்ன சொல்ல முடியும்? நாலு வால்யூமை மட்டும் எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அதில் ஒன்றுக்கு முதுகு பிரிந்திருந்தது. மிச்சத்தைப் பேப்பர்க்காரர் சாயங்காலம் வண்டியோடு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் முதுகு பிரிந்த வால்யூமைத் தூக்கிக்கொண்டு லஸ் பக்கம் ஒரு பைண்டிங் கடைக்குப் போனாள். மாடிப்படிக்குக் கீழே ஒரு இடுக்கு, பசை வாசனை, தாத்தா வயசில் ஒரு பெரியவர். அவர் வால்யூமை வாங்கித் திருப்பினார். தையலை விரலால் தடவினார்.

"இது எங்கேர்ந்து கிடைச்சுது உனக்கு?"

"எங்க தாத்தாது."

"ராயப்பேட்டை பிரஸ்ல கம்போஸிங் பண்ணாரே, அவரா?" பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "இதை நான் தெச்சேன்மா. பதினெட்டு. அந்த பிரஸ்ல பைண்டிங் செக்‌ஷன் என்னுது. ஆஃப்செட் வந்தப்புறம் ஓனரால முடியல, மூடிட்டாரு. எல்லாருக்கும் மூணு மாச சம்பளம் பாக்கி. காசு இல்ல, இருக்கறதை எடுத்துக்கங்கன்னுட்டாரு. ஒருத்தன் கட்டிங் மெஷின் பிளேடு எடுத்தான். ஒருத்தன் பேப்பர் ரீம் எடுத்தான். உங்க தாத்தா வீட்டுக்குப் போயி, தான் சேத்து வச்சிருந்த அம்புலிமாமா அத்தனையும் சாக்குல கட்டிக் கொண்டாந்து, 'காலிக்கோவும் அட்டையும் இருக்கில்ல, இதைத் தெச்சுக் குடு, கணக்கு தீந்துடும்'னாரு. மூணு மாச சம்பளம்மா இது. எங்களுக்கெல்லாம் சிரிப்புதான் வந்துது அப்ப."

அவள் எதுவும் கேட்கவில்லை. வால்யூமை அவரிடமே வைத்துவிட்டு ஓடினாள்.

இருபது வருஷமாக அந்த வால்யூம்கள் அவள் வீட்டில் இருக்கின்றன. படுத்துக்கொண்டு படித்திருக்கிறாள், மேலே ஏறி நின்று ஜன்னல் எட்டியிருக்கிறாள், ஒன்றின் மேல் பால் கொட்டியிருக்கிறாள். யானை லை தெரியும், கடைசிப் பக்கத்துப் புகைப்படப் போட்டி தெரியும். இந்த விஷயம் மட்டும் தெரியாது. தெரியாமலே அந்த இருபது வருஷமும் நன்றாகத்தான் இருந்தது. சின்ன வயசிலேயே யாராவது உட்காரவைத்து, இது தாத்தாவின் மூன்று மாதச் சம்பளம், ஜாக்கிரதை என்று சொல்லியிருந்தால் அவள் பயந்துகொண்டு தொட்டே இருக்க மாட்டாள். இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு, வண்டி வருவதற்கு முன்னால், தையல் போட்டவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் அதற்கு வேலை வந்தது. வேதாளமும் சந்நியாசியைப் பற்றி முதல் கதையிலேயே ராஜாவிடம் சொல்லியிருக்கலாமே, ஏன் கடைசி வரைக்கும் வாயைத் திறக்கவில்லை என்று போன வாரம்தான் அவள் தாத்தாவிடம் கேட்டிருந்தாள். தாத்தாவுக்குப் பதில் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வண்டி நின்றுகொண்டிருந்தது. பத்து வால்யூம் ஏற்றியாகிவிட்டது.

"எறக்குங்க அண்ணா. எல்லாத்தையும் எறக்குங்க."

"என்னம்மா இது, எடை போட்டாச்சு..."

"எறக்குங்க."

அம்மா வாசலுக்கு வந்து, எங்கே வைக்கறதா உத்தேசம் என்று கேட்டாள். மாணவி தன் கட்டிலுக்கு அடியில் என்றாள். தாத்தா எதுவும் பேசவில்லை. பேப்பர்க்காரர் இறக்கி வைக்க வைக்க, விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். பதினேழு வந்ததும், "ஒண்ணு குறையுதே?" என்றார்.

"பைண்டிங்குக்குப் போட்டிருக்கேன் தாத்தா. லஸ்ல."

"ஓ," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "காசு கேக்கமாட்டான் அவன். இருந்தாலும் குடுத்துடு," என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மரத்தடியில் கதை மறுபடி கிழிபட வந்தது. முதல் பக்கத்தில் முன்கதை ஒரு வரி கூட இல்லை. பூதம் கடை திறந்தது, அரைத்தது, மெஷின் நின்றது. ஒன்று மட்டும் புதுசு: கடைச் சுவரில் பழைய தோல் பெல்ட் ஒன்று ஆணியில் தொங்குகிறது, பூதம் தினம் அதற்கு எண்ணெய் போட்டுத் துடைக்கிறது, ஏன் என்று சொல்லாமல். பதினெட்டாம் பக்கத்தில் வேறு வழியில்லாமல் அந்த பெல்ட்டை எடுத்து மெஷினில் மாட்டப் போகும்போது, எதிர்க்கடை பூக்காரம்மா ஓடி வந்து பூதத்தின் கையைப் பிடிக்கிறாள். அது யாருடைய பெல்ட் என்று நாலு வரியில் அவள்தான் சொல்கிறாள்.

"அப்புறம் மாட்டுச்சா இல்லையா?" என்று ஒருத்தன் கேட்டான்.

"பக்கத்தைத் திருப்புடா," என்றாள்.